போன் வைத்திருந்தவரின் சுவர்

பழைய கறுப்புப் போனின் வாய்ப்பக்கத்தில் ஒரு வாடை உண்டு. பல பேர் மூச்சுவிட்டுக் காய்ந்த வாடை. வெற்றிலை, பீடி, காலையில் தின்ற வெங்காயம். அது எங்கே மூக்கில் பட்டாலும் பூனாவின் பேட்டைச் சந்து ஒன்று எனக்குள் எழும். மேலப்பாளையத்துக்காரர் ஒருவரின் தோல்பெட்டிக் கடை எழும். பிறகு வார்டு ஆபீஸ் குமாஸ்தாவின் குரல். அதற்கு மட்டும் இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

அறுபதுகள் தொடங்கியிருந்தன. ராணுவக் கணக்கு ஆபீஸில் எனக்கு எழுத்தர் வேலை. சந்தின் கோடியில், முற்றத்தைச் சுற்றிப் பத்துக் குடும்பங்கள் அடைந்து கிடந்த பழைய வாடாவில், கீழ்த்தளத்தில் ஒரே ஓர் அறை. அந்த வருஷத்து மழையில் அறையின் முற்றத்துப் பக்கச் சுவர் வயிறு தள்ளியது. தொட்டில் கட்ட இருந்த ஒரே உத்தரம் அந்தச் சுவரை ஒட்டித்தான் ஓடியது. தொட்டிலில் நாற்பது நாள் குழந்தை. வீட்டுக்காரர் சுவரில் கை வைக்கமாட்டார். விழட்டும், குடித்தனக்காரர்கள் ஒழியட்டும் என்று காத்திருந்தார். நாங்கள் கை வைத்தால் கேஸ் போடுவாராம். வார்டு ஆபீஸ் சொன்னால்தான் உண்டு.

நேரில் போனேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்தவர் தலையைத் தூக்கவில்லை. இனிமேல் புகாரெல்லாம் போனில்தான், புது ஏற்பாடு, ஜனங்கள் அலையக்கூடாது பாருங்கள் என்று சொல்லி என்னைத் திரும்ப நடக்கவிட்டார்.

சந்துக்கே ஒரு போன், மேலப்பாளையத்து பாயின் தோல்பெட்டிக் கடையில். டயலைச் சுற்றினேன்.

“போன் யார் பேரில்?” என்றது வார்டு ஆபீஸ் குமாஸ்தாவின் மராத்திக் குரல்.

பாய் பேரையும் கடை விலாசத்தையும் சொல்லிவிட்டு, சுவர் இங்கே இல்லை, சந்தின் கோடியில் என்றேன்.

“படிவத்தில் ஒரு விலாசத்துக்குத்தான் இடம்.”

“அப்போது என் விலாசத்தை எழுதுங்கள்.”

“உங்கள் வீட்டில் போன் உண்டா?”

“இல்லை.”

“இல்லாத போனிலிருந்து புகார் எப்படி வரும், சாஹேப்?”

முட்டாள்களை எனக்குத் தெரியும். எங்கள் ஆபீஸிலும் இருந்தார்கள், சில நாட்கள் நானும் அவர்களோடு சேர்த்திதான். ஆனால் இந்தக் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. சேற்றுக்குள் கழுத்துவரை இறங்கிவிட்ட எருமையின் நிம்மதி.

மூன்றாம் நாள் இன்ஸ்பெக்டர் வந்தார். பாயின் கருங்கல் சுவரைப் பிரம்பால் தட்டினார். காது வைத்துக் கேட்டார். டீ குடித்தார். நாற்பது தப்படி நடந்தால் அந்தச் சுவர், வந்து பாருங்கள் என்று பாய் தன் இந்தியில் கெஞ்சினார். தாளில் இந்த இடம்தான் இருக்கிறது என்று இன்ஸ்பெக்டர் கிளம்பிவிட்டார். மறுநாள் போன் வந்தது: உங்கள் சுவர் உறுதியாக இருக்கிறது, கவலை வேண்டாம்.

“மாப்ள, சர்க்காரே சொல்லிட்டு,” என்றார் பாய். “என் சுவரு விழாதாம். தங்கச்சிட்ட சொல்லித் தொட்டில இங்க கட்டும்.”

என் மனைவியிடம் அந்த அளவு இரக்கமும் இல்லை. “நீங்க பேசின பேச்சுல ஊர்ல உள்ள சுவரெல்லாம் நிமிந்து நிக்கி. நம்ம சுவரத் தவுர.”

அடுத்த முறை போனில் கத்தினேன். இன்றோ நாளையோ விழும், அடியில் பச்சைக் குழந்தை கிடக்கிறது என்றேன். கத்தியதற்குப் பலன் இருந்தது. அவசரம் என்று குறித்துக்கொண்டு, ஆட்களும் நான்கு பருத்த மரங்களும் வந்து, பாயின் கருங்கல் சுவருக்கு முட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். ஒரு மரம் வாசலுக்குக் குறுக்கே. பெட்டி வாங்க வந்தவர்கள் குனிந்து நுழைந்தார்கள்.

பாய் அந்த மரத்தை ஒருமுறை தட்டிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக் கல்லாவின் மேல் வைத்தார்.

“மாப்ள, அந்தத் தலைப்பப் பிடியும் வே.”

பட்டப்பகலில், சந்து பார்க்க, நான்கையும் தூக்கிப் போய் எங்கள் சுவருக்கு முட்டுக் கொடுத்தோம். வார்டு ஆபீஸ் மரம் என்றதும் வீட்டுக்காரர் ஒதுங்கிக்கொண்டார். அன்றைக்கு என் மனைவி அந்தச் சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சோறு வடித்தாள். வாரக்கணக்கில் அவள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

பத்து நாள் இருக்கும். நான் கடையில் நிற்கும்போது மணி அடித்தது. பாய் எடுத்துக் கேட்டு, கையால் வாய்ப்பக்கத்தைப் பொத்திக்கொண்டு, “ஒண்ணுமில்ல, நம்ம சினேகிதக்காரன்தான்,” என்றார். ஆனால் குமாஸ்தாவின் குரல் சந்துவரை கேட்கும். முட்டு மரங்கள் இடத்தில் இல்லை. சனிக்கிழமைக்குள் அதே சுவரில் இல்லையென்றால், போன் வைத்திருப்பவர்மேல் சர்க்கார் சாமான் திருடிய கேஸ். ஒரு சுவரைக் கண்டுபிடிக்கத் தெரியாதவர்கள், நான்கு கட்டைகள் காணாமல் போனதை எவ்வளவு சுருக்காகக் கண்டுபிடித்தார்கள்.

“இருந்துட்டுப் போட்டும் மாப்ள,” என்றார் பாய். “நான் பாத்துக்கிடுதேன்.”

வீட்டில் சொன்னேன். “அண்ணாச்சியக் கோர்ட்டுல ஏத்திட்டு நம்ம இங்க சாஞ்சு கெடக்கவா?” என்றாள். அவ்வளவுதான் ஆலோசனை. கசார்வாடியில், பட்டறைகளுக்கு நடுவே, ஒரு தகரக் கூரை அறை கிடைத்தது. வெள்ளிக்கிழமை தொட்டிலை அவிழ்த்தோம். மரங்களைத் திரும்பத் தூக்கிப் போய், ஒருநாளும் விழப்போகாத சுவரில் ஒழுங்காகச் சாய்த்து வைத்தோம்.

கடை வாசலில் டாங்கா குதிரைவண்டியை நிறுத்தினோம். பாய் முட்டு மரத்துக்கு அடியில் குனிந்து வெளியே வந்து குழந்தையின் கன்னத்தைத் தொட்டார்.

“அவன் திருப்பிக் கூப்பிட்டா என்னத்தச் சொல்ல மாப்ள? காலி பண்ணிட்டுப் போயிட்டாங்கன்னு சொல்லட்டா?”

என் மனைவி வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினாள்.

“வேண்டாம் அண்ணாச்சி. அப்படிச் சொன்னா உங்க கடையப் பூட்ட ஆள் அனுப்புவான்.”