எங்கள் ஓட்டில் பாஸ்டன் போனவன்

ஜாபெஸ் ஹோல்கம் செத்தபோது கடற்கரை ஊர்ப் பத்திரிகை அவனைப் பெரிய நீதிமான் என்று எழுதியது. எங்கள் லவ்வெட் மேட்டில் எவனும் அதை வாய்விட்டுப் படிக்கவில்லை. இங்கே சாராயக்கடையும் நாலு பேர் தங்க அறையும் வைத்திருப்பவன் நான். அமெரிக்காவின் இந்த மெய்ன் காட்டுக்குள் அவன் முதலில் வந்து நின்றதும் என் வாசலில்தான். குதிரைகூடக் கிடையாது. தோளில் ஒரு பை, அதற்குள் சட்டப் புத்தகங்கள்.

வாத்தியாராகத்தான் வந்தான். வாரம் ஒரு வீட்டில் சாப்பாடு. எங்கள் பன்றிக்கறியையும் அவரையையும் தின்றுவிட்டு, நாங்கள் சாப்பிடும் அழகை அடுத்த வீட்டில் போய் நடித்துக் காட்டுவான். பிள்ளைகளைப் பிரம்பால் விளாசுவான். ஆனால் பேச்சு இருந்ததே, அதை மறுக்க முடியாது. அவன் வாயைத் திறந்தால், கேட்கிறவன் கையிலிருக்கும் கோப்பையை மறந்துவிடுவான்.

ரூபன் டஃப்ட்ஸ் அந்தப் பேச்சில் விழுந்தான். இங்கிலாந்து ராஜாவின் படையோடு சண்டை போட்டு முட்டியில் குண்டு வாங்கியவன் ரூபன். இடது காலை ஒரு பக்கமாக வீசித்தான் நடப்பான். தன் தங்கை கெசயாவை ஜாபெஸுக்குக் கட்டிவைத்தான். வாத்தியார் வேலையை விட்டு வக்கீலாகும்வரை இரண்டு பேருக்கும் சோறு போட்டவனும் அவன்தான்.

அப்போது எங்களுக்கு வக்கீல் தேவைப்பட்டது. காட்டை வெட்டி, வேரைப் பிடுங்கி, சோளம் போட்டது நாங்கள். ஆனால் பாஸ்டன் முதலாளிகள் ஒரு பழைய பத்திரத்தைக் காட்டி, மேடு முழுவதும் தங்களுடையது என்றார்கள். ராஜாவை விரட்டினோமே தவிர, அவர் கொடுத்த பத்திரத்தை விரட்ட முடியவில்லை. முதலில் கிழவர் ஏனோஸ் கிம்பலை வெளியேற்ற வழக்குப் போட்டார்கள். ஜாபெஸ் அவரை ஜூரிக்கு முன்னால் நிறுத்தி, கையை விரிக்கச் சொன்னான். கோடாலி பட்டு இரண்டு விரல் போன கை அது.

"இவர்கிட்ட இருக்கிற பத்திரம் இதுதாங்க," என்றான்.

ஜூரியில் உட்கார்ந்திருந்தவர்களும் மரம் வெட்டிப் பிழைத்தவர்கள். வழக்கு ஜெயித்தது. அடுத்த ஊர்க்கூட்டத்தில் அவனைப் பாஸ்டன் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தோம். ரூபன் அந்தக் காலை வைத்துக்கொண்டு பனிக்குள் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டான்.

பாஸ்டனிலிருந்து அவன் திரும்பி வந்தபோது கோட்டு மாறியிருந்தது, பேச்சும் மாறியிருந்தது. முதலாளிகள் நல்லவர்களாம், நியாயமான விலைக்குத் தருவார்களாம், சண்டை போட்டால் எல்லாம் போய்விடுமாம். நாங்கள் திருத்திய நிலத்தை நாங்களே விலைக்கு வாங்க வேண்டும்.

இதை அவன் சொன்னது ஊர்க்கூட்டத்தில். ரூபன் மட்டும் எழுந்தான். "இதுல உனக்கு எந்தப் பக்கத்து நிலம் மச்சான்?"

தனக்கு எதுவும் இல்லை என்றான் ஜாபெஸ். பைபிள்மேல் சத்தியம் செய்யவும் தயார் என்றான். அதே மாதம் முதலாளிகள் அனுப்பிய நில அளவைக்காரன் என் கடையில் ரம் ஏறிய மயக்கத்தில், மேசையில் சிந்தியிருந்ததை விரலால் இழுத்து வரைபடம் போட்டான். அருவியும் அதை ஒட்டிய சமவெளியும் வந்த இடத்தில் விரலை ஊன்றி, "இது உங்க வக்கீலுக்கு. பேசி முடிச்சாச்சு," என்றான்.

நான் ரூபனிடம் சொன்னேன். ரூபன் ஊருக்குச் சொன்னான்.

சில நாளில் முகத்தில் கரி பூசிய ஆட்கள் காட்டில் அந்த அளவைக்காரனை மறித்தார்கள். அளக்கிற சங்கிலியை முறித்தார்கள், திசைகாட்டியை ஓடையில் போட்டார்கள், பூட்ஸைக் கழற்றிக்கொண்டு வெறுங்காலோடு விரட்டினார்கள். அடிக்கவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே முதலாளிகளின் வக்கீலாக நின்றவன் ஜாபெஸ். யார் என்று அளவைக்காரனால் சொல்ல முடியவில்லை. ஒருவன் நடை மட்டும் வித்தியாசம் என்றான், அவ்வளவுதான். இந்த மேட்டில் அந்த நடை யாருடையது என்று ஜாபெஸுக்குத் தெரியாதா?

சந்தேகத்தில் பிடித்து வந்தவர்களில் ரூபனை எழுப்பி நிறுத்தினான். "இங்கிருந்து அந்தக் கதவுவரைக்கும் கொஞ்சம் நடங்க," என்றான். மச்சான் என்று சொல்லவில்லை. முன்பின் தெரியாத ஆள்போலப் பேசினான்.

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் வரிசையில் கெசயா உட்கார்ந்திருந்தாள். ரூபன் அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு நடந்தான். ஒளிக்கவோ, நேராக நடக்கவோ அவன் முயற்சி செய்யவில்லை.

கடற்கரைச் சிறையில் போட்டார்கள். ஈரத் தரை, ஒரே கம்பளி. பனி உருகும் முன்பே காய்ச்சலில் போய்விட்டான். காளை வண்டியில் கொண்டுவந்து புதைத்தோம். அடுத்த ஞாயிறு கெசயா தேவாலயத்தில் கணவனின் இருக்கையைத் தாண்டிப் போய், ரூபன் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அன்றைக்கே மகளையும் ஒரு பசுவையும் கூட்டிக்கொண்டு அண்ணனின் மரவீட்டுக்குப் போய்விட்டாள்.

மனைவியைத் திரும்ப அழைத்துப் போகும் உரிமையைச் சட்டம் ஜாபெஸுக்குக் கொடுத்திருந்தது. போனான். எங்களில் சிலர் வேலியோரம் நின்றிருந்தோம்.

"ஊர் சிரிக்குது. வீட்டுக்கு வா," என்றான்.

கெசயா கையிலிருந்த கோடாலியை இறக்கவில்லை. "ஊர் எங்க சிரிக்குது? எங்க அண்ணனை ஊர் பார்க்க நடக்கவிட்டீங்க. இப்ப நீங்க நடங்க, நான் பார்க்கிறேன்."

ஊரில் அத்தனை பேரையும் பேசி மடக்கியவன், வேலியோரம் நின்ற எங்களைத் தாண்டி நடந்து போனான்.

அவன் அழிந்துபோனான் என்று சொல்லத்தான் எனக்கு ஆசை. நடந்தது வேறு. அருவிப் பக்கம் வெள்ளை வீடு கட்டினான். எங்கள் ஓட்டு ஒன்றுகூட இல்லாமல் கடற்கரை ஊர்களின் ஓட்டில் மேல்சபைக்குப் போனான், நீதிபதியும் ஆனான். குடியேறியவர்களின் உழைப்புக்கும் மதிப்புப் போட வேண்டும் என்று கடைசியில் சட்டம் வந்தது. மேடு மேடாக எங்கள் மாதிரி ஆட்கள் எதிர்த்து நின்றதால் வந்த சட்டம் அது. அதற்கும் தானே காரணம் என்று மேடையேறிப் பேசினான். அந்தச் சட்டப்படி விலையைக் குறைத்து நாங்கள் நிலத்தை வாங்கினோம். ரூபனின் நிலத்தைக் கெசயாவும் அண்ணியும் சேர்ந்து வாங்கினார்கள்.

அவன் செத்தது மார்ச் மாதம். கடற்கரையிலிருந்து பனிவண்டிகளில் பெரிய மனிதர்கள் வந்தார்கள். எங்களை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டாலும் போயிருக்க மாட்டோம். பாதிரியார் மட்டும் கெசயாவிடம் போய், கடைசியாக ஒருமுறை வந்து முகம் பார்க்கச் சொன்னார். மேப்பிள் மரத்தில் சாறு இறங்கும் பருவம் அது. அவள் பெரிய கொப்பரையில் சாற்றைச் சர்க்கரைப் பாகாகக் காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"சாறு பொங்குதுங்க. இதை விட்டுட்டு வர முடியாது," என்றாளாம்.

பாதிரியாருக்கு ஒரு கரண்டி சூடான பாகை ஊற்றிக் கொடுத்துவிட்டு, அடுப்புக்கு விறகு தள்ளப் போய்விட்டாள்.