பாதியில் நின்ற இரைச்சல்

போன ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை நாலே முக்கால் மணி. ஆரல்வாய்மொழிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. மாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தபோது மலைக்கு அந்தப் பக்கமிருந்து இரைச்சல் கிளம்பியது.

எங்களுக்குப் பழகியதுதான். அங்கே ராக்கெட் எஞ்சின்களைக் கட்டிவைத்து எரியவிட்டுச் சோதிக்கிறார்கள். ஜன்னல் கண்ணாடி அதிரும். ஆனால் என் மகள் அங்கே வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து, அது முடியும்வரை எனக்கு மூச்சு விடத் தோன்றாது.

சேர்ந்த புதிதில், பெண் என்று சோதனை மேடைப் பக்கமே அவளை விடவில்லை. வால்வுகளின் அளவு பார்க்கும் மேஜையில் உட்காரவைத்தார்கள். அந்த வால்வுகளைப் பற்றி அவளிடம்தான் கேட்கவேண்டும் என்று ஆனபிறகு தாங்களாகவே கூப்பிட்டார்கள். அன்றைய சோதனையை நடத்தியது அவள். அந்தப் பொறுப்பில் ஒரு பெண் உட்கார்ந்தது அதுவே முதல்முறை. இன்றைக்கு ரொம்ப நேரம் ஓடும் என்று காலையில் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

ஓடவில்லை. தொடங்கிய வேகத்தில், கத்தியால் அறுத்ததுபோல நின்றது. மலைக்கு மேல் வெள்ளையாக ஏதோ எழும்பியது.

எரியும்போது எல்லாரும் தூரத்தில் காங்கிரீட் அறைக்குள்தான் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நின்றபின் எஞ்சின் அருகே முதலில் போகிறவள் அவள்தான் என்றும் தெரியும். போன்களை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். தெரிந்தும் அவள் போனுக்கு அடித்துக்கொண்டே இருந்தேன்.

எதிர்வீட்டுக்காரி வந்து, வாட்ஸ்அப்பில் என்னமோ வெடித்துவிட்டதாகப் போட்டிருக்கிறார்கள் என்றாள். என் வீட்டுக்காரர் அவளை ஒரு முறை முறைத்தார். "சும்மா பயப்படாத, ஒண்ணும் ஆயிருக்காது" என்று என்னிடம் சொன்னவர், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினார். வாசலில் அவரை உள்ளே விடவில்லை. அங்கிருந்து போன் செய்தார்.

"ஒரு வண்டியும் வெளிய வரல, கேட்டியா."

அது நல்லதா கெட்டதா என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

எங்கள் வீட்டில் ஆபத்து என்றால் மண்டைக்காட்டம்மைக்கு வெடிவழிபாடு, அதாவது கோயிலில் வெடி போடுவதாக, நேர்ந்துகொள்வது வழக்கம். கையெடுத்துக் கும்பிட்டேன். 'வெடி' என்று சொல்ல நாக்கு வரவில்லை. இந்த நேரத்தில் அதை எப்படிச் சொல்வது? மண்டையப்பம் சுட்டுப் படைக்கிறேன் தாயே என்று மாற்றிக்கொண்டேன்.

விளக்கு வைத்தபிறகு ஜீப் வந்தது. பின்னாலேயே இவர் ஸ்கூட்டர். மகள் இறங்கினாள். கையைத் தடவினேன், முகத்தைத் தடவினேன். ஒரு கீறல்கூட இல்லை. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

"வந்திட்டியா மக்கா, எனக்கு அது போதும்" என்றேன்.

அவள் என் கையை விலக்கினாள்.

"எனக்குப் போதாதும்மா. நாலு வருஷத்து வேலை. அழுத்தம் ஏறிக்கிட்டே போச்சு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா எஞ்சினே இருந்திருக்காது. நிறுத்தச் சொன்னது நான்தான். அறையில எல்லாரும் என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாவ."

சொல்லிவிட்டு வாசல்படியில் உட்கார்ந்து, சின்னப்பிள்ளை மாதிரி அழுதாள்.

மலைக்கு அந்தப் பக்கம் இரைச்சல் கேட்டால் இப்போதும் கைவேலையைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடுகிறேன். ஆனால் என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்று வேண்டுவதோடு நிறுத்தாமல், அவள் எஞ்சின் கடைசிவரை ஓடவேண்டும் என்றும் சேர்த்து வேண்டிக்கொள்கிறேன்.