சாவுக்காசில் விமானம் ஏறியவர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, எங்கள் தேயிலைத் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தின் தகர டப்பா என் வாசலுக்கு வந்தது. "சூசையண்ணனுக்கு, டீச்சர்" என்றார் அதைத் தூக்கிவந்த முனியாண்டி. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. அந்த அவசரத்தில், "மறுபடியும் எந்த ஊருக்குக் கெளம்பிட்டாரு மனுசன்?" என்று சிரித்துக்கொண்டே கேட்டேன். முனியாண்டி தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது.

தூக்கத்திலேயே போய்விட்டாராம். நெஞ்சை அழுத்தி உயிரை மீட்கச் சொல்லித் தந்தவர், தன் நெஞ்சில் ஒருவரையும் கைவைக்க விடாமல் போய்விட்டார். அதில் எனக்கு அவர்மேல் இன்னும் கோபம்தான்.

சாவு வீட்டுச் சேதிக்கு நான் ஏன் அப்படிச் சிரித்தேன் என்பது, நோர்வூட்டில் அவரை அறிந்த உங்களுக்குத் தெரியும். அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

சூசையண்ணன், தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவர். நோர்வூட் கடைத்தெருவில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சொந்தச் செலவில் பக்கத்து ஹட்டன் நகருக்கு வந்து, மாதா கோயில் மண்டபத்தில் முதலுதவி சொல்லித் தந்தாள். அவளிடம் அண்ணனும், தோட்டப் பள்ளிக்கூட டீச்சரான நானும்தான் கடைசிவரை தாக்குப்பிடித்தோம். பிறகு நாங்களே தோட்டம் தோட்டமாக வகுப்பு நடத்தினோம். பழகுவதற்குப் பொம்மை வேண்டுமே? சாக்கில் பஞ்சையடைத்து, உள்ளே பந்தின் காற்றுப்பையை வைத்து, தன் கல்யாணச் சட்டையை மாட்டி அண்ணனே ஒன்றைத் தைத்தார். அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர். அதன் வாயில் வாய் வைத்து ஊதச் சொன்னால் பெண்களெல்லாம் முந்தானையைக் கடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்கவே மாட்டார். "வெக்கப்பட்டா மாப்பிள்ளை செத்துருவாரு. சீக்கிரம் வாங்க!" என்பார்.

மாரியாயியின் மகனுக்கு ரம்புட்டான் பழக் கொட்டை தொண்டையில் சிக்கியது அப்படியொரு வகுப்பு நாளில்தான். பிள்ளை நீலம் பாரித்துவிட்டான். ஆஸ்பத்திரிக்குப் போக லொறியைத் தேடி ஆள் ஓடியது. அண்ணன் பிள்ளையை மடியில் குப்புறப் போட்டு முதுகில் தட்டினார். கொட்டை வெளியே தெறித்தது, பிள்ளை வீறிட்டான். மாரியாயி அவர் காலில் விழப்போனாள். "என் கால்ல விழுந்து என்னாத்துக்கு? நாளைக்கு வகுப்புக்கு வா" என்று விரட்டினார். நான் வெளியே போய் ஒரு பாட்டம் அழுதேன். அவரும் அழுதிருப்பார், ஆனால் யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

அதன் பிறகுதான் அவருக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. மலேசியாவின் ரப்பர் தோட்டங்களில் நம்மைப்போன்ற தமிழ்ச் சனங்களுக்கு முதலுதவி கற்றுத்தர ஆள் தேடுகிறார்கள் என்று கோயில் பாதர் சொன்னார். சாப்பாடும் தங்க இடமும் தருவார்களாம், சம்பளம் கிடையாது, விமானக் காசு நம்முடையது. "நான் போறேன் டீச்சர்" என்றார் அண்ணன். "அந்தப் பொண்ணு எங்கேயிருந்தோ வந்து நமக்குக் குடுத்துச்சு. நாம வாங்கி வச்சுக்கிட்டு சும்மா இருந்தா நல்லாவா இருக்கு?"

ஊரே சிரித்தது. வீட்டுக்கு வீடு பெண்பிள்ளைகள் அரபு நாடுகளுக்குப் போய்க் காசு அனுப்பிக்கொண்டிருந்த காலம். "வெளிநாடு போறவங்க காசு அனுப்புவாங்க. நீங்க என்னடான்னா எங்ககிட்ட காசு வாங்கிக்கிட்டு சும்மா வேலை செய்யப் போறீங்களே!" என்று கடைத்தெருவில் கேலி பேசினார்கள். அவர் கடையில் மாத்திரை கட்டிக் கொடுத்தபடியே எல்லோரிடமும் பயணத்துக்குக் காசு கேட்டார். நாங்கள் பரிசுச் சீட்டிழுப்பு வைத்தோம், வடை சுட்டு விற்றோம். பாதிகூடத் தேறவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பணம் கட்டாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்ற நிலை.

கடைசியில் அவர் பிறந்த எங்கள் தோட்டத்துத் தலைவர் மனமிரங்கி, "லயத்துல வீடு வீடாச் சேத்துருவோம்" என்றார். காசு விசயத்தில் பேச்சு வரக்கூடாதே என்று பூட்டுள்ள டப்பாவைத் தேடினார்கள். தோட்டத்தில் பூட்டுள்ள டப்பா ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மரண உதவிச் சங்கத்துக் கறுப்பு டப்பா. தூக்கிப் போனது வாயில் வார்த்தைக்குப் பஞ்சமான நம் முனியாண்டி. ஒவ்வொரு வாசலிலும் நின்று "சூசையண்ணனுக்கு" என்றாரே தவிர, மேற்கொண்டு ஒரு சொல் சொல்லவில்லை.

சாவு விழுந்தால்தான் அந்த டப்பா லயத்தைச் சுற்றும், அதனால் அது வந்தால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. கையில் உள்ளதைப் போடுவோம், வாயைப் பொத்துவோம், பிறகு புறப்படுவோம். மத்தியானம் பெண்கள் கூட்டம் மாலையும் கோடித்துணியுமாக, மாரில் அடித்துக்கொண்டு நோர்வூட் பாதையில் இறங்கியது. அண்ணன் வாசலில் உட்கார்ந்து பாதி முகம் சவரம் செய்திருந்தார். ஒப்பாரி காதில் விழுந்ததும், சோப்பு நுரையோடே துண்டைப் போட்டுக்கொண்டு எதிரே ஓடினார். "ஐயோ, யாரும்மா செத்தது?" என்று அவரும் கலங்கிக் கேட்டார். முன்னால் வந்த மாரியாயி அவரைப் பார்த்தாள். "நீங்கதான்ணே" என்றாள்.

சிரித்து முடிக்க வெகுநேரம் ஆனது. அதற்குப் பிறகுதான் சிக்கல் தெரிந்தது. டப்பா நிறைந்திருந்தது, விமானத்துக்கு அது போதும். ஆனால் சாவுக்குப் போட்ட காசை யாரும் வீட்டுக்குத் திருப்பி எடுத்துப் போக மாட்டார்கள், ஆகாது. அதில் ஒருவர் பயணம் போவதோ அதைவிட ஆகாது. அண்ணனின் மனைவி பிலோமினா அக்கா வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துவிட்டார்.

"பொணக் காசுல பிளேன் ஏறுவீங்களா? ஏறுனா இந்தப் படியில மறுபடி கால் வைக்கக்கூடாது."

"பிலோ, சாவுக்குன்னு குடுத்த காசு. சாவு வராமப் பாக்கத்தானே போகுது?"

"ஒங்க நியாயமெல்லாம் மாப்பிள்ளைகிட்ட போயிச் சொல்லுங்க!"

அண்ணன் அடங்கிப்போனார். பாதி முகத்துச் சோப்பு காய்ந்து கிடந்தது. இனி ஆகாது என்று அவரே டப்பாவை முனியாண்டியிடம் நீட்டினார். அப்போது மாரியாயி தன் மகனைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் உட்கார வைத்தாள்.

"அக்கா, இந்த டப்பா இவனுக்காக எங்க லயத்துல சுத்தியிருக்கணும். சுத்தலையே."

பிள்ளை அக்காவின் தாலிச் சங்கிலியை இழுத்து விளையாடிக்கொண்டிருந்தான். அக்கா அவன் விரல்களை விடுவித்துவிட்டு, கணவரை நிமிர்ந்து பார்த்தார். "மீதிச் சவரத்தை முடிங்க மொதல்ல. இந்த மூஞ்சியோடவா மலேசியா போவீங்க?" என்றார்.

அப்படித்தான் எங்கள் சூசையண்ணன் தன் சாவுக்கு வந்த காசில் விமானம் ஏறினார். மாப்பிள்ளையும் கூடவே போனது. கொழும்பு விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்த அதிகாரி, சட்டை போட்ட ஆளைக் கண்டு கத்தியே விட்டாராம். அண்ணன் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் விளக்கிப் பார்த்து, முடியாமல், அங்கேயே முட்டிபோட்டு ஊதிக் காட்டினாராம். மூன்று மாதம் கழித்துத் திரும்பியவரிடம், அங்கே எப்படி என்று கேட்டேன். "அங்கயும் பொம்பளைங்க முந்தானையக் கடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க டீச்சர். நம்ம சனந்தான்" என்றார்.

இந்த முறை டப்பா பொய் சொல்லவில்லை. அடக்கம் முடிந்த மறுவாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். தலைவரும் முனியாண்டியும் இருந்தார்கள். செலவு போக மீதிக் காசு டப்பாவோடு மேசையில் இருந்தது. அக்கா அதை என் பக்கம் தள்ளினார்.

"டீச்சர், மலேசியாவுல இன்னும் ஆள் கேக்குறாங்கன்னு பாதர் சொன்னாரு. பத்தலன்னா இன்னொருக்கா சுத்தச் சொல்றேன். நீங்க போயிட்டு வாங்க."

"நானா? பென்சன் எடுக்கப்போற வயசுல, அந்நிய ஊர்ல, நாலு பேர் முன்னால முட்டிபோட்டு ஊதச் சொல்றீங்களாக்கா?"

அக்கா அழுது வீங்கிய முகத்தோடு எழுந்து உள்ளே போனார். மாப்பிள்ளையைத் தூக்கிவந்து என் மடியில் வைத்தார். அதே கல்யாணச் சட்டை, புதிதாகத் துவைத்து இஸ்திரி போட்டிருந்தது.

"வெக்கப்பட்டா மாப்பிள்ளை செத்துருவாரு டீச்சர்" என்றார்.

மாப்பிள்ளை இப்போது என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது. அண்ணன் எனக்கென்று விட்டுப்போனது அதுவும் அந்த ஒரு வாக்கியமும்தான். நாளை பாஸ்போட்டுக்குப் படம் எடுக்க ஹட்டனுக்குப் போகிறேன்.