பிசிறு மறைத்த துளை

1. திரும்பி வந்த அறுபது

பீன்யா தொழிற்பேட்டையில் ஒரு மெஷினிங் கம்பெனியில் இருபத்துமூன்று வருடமாக இன்ஸ்பெக்ஷனில் இருக்கிறேன். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரே தவறை நான் இரண்டு இடத்தில் செய்தேன்.

நாங்கள் பம்பின் வெளிக்கூடான ஹவுசிங் செய்கிறோம். அதன் துளைக்குள் பிளக் கேஜ் என்கிற இருமுனை அளவுத் தண்டை விட்டுப் பார்ப்போம். கேஜின் 'கோ' முனை உள்ளே போக வேண்டும். 'நோ-கோ' முனை போகக் கூடாது. போனால் துளை பெரிது, பீஸ் ஸ்கிராப்.

ஒரு திங்கட்கிழமை ஓசூர் கஸ்டமரிடமிருந்து அறுபது ஹவுசிங் திரும்பி வந்தன. எல்லாவற்றிலும் துளை பெரிது. எல்லாமே நான் ஓகே செய்து அனுப்பியவை. மேனேஜர் மஞ்சுநாத், முதல் சோதனையில் அவற்றுக்கு நான் எழுதிக் கட்டிய ரிஜெக்ட் டேக்குகளை மேசையில் பரப்பினார்.

"என்னம்மா இது? எல்லா டேக்லயும் பர்னு மட்டும் போட்டிருக்க."

பர் என்றால் துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறு.

"மொதல்ல பாத்தப்போ நோ-கோ போகல சார். பர் மட்டும்தான் இருந்துச்சு. அத எடுக்க அனுப்பி, ரீவொர்க் முடிஞ்சு வந்ததும் பர் போயிடுச்சான்னு பாத்துட்டு விட்டுட்டேன்."

"நோ-கோவ தடுத்ததே அந்த பர்தானம்மா. அத எடுத்தப்புறம் கேஜ் மறுபடி விட்டியா?"

"டேக்ல குறை எழுத ஒரு கட்டம்தான் சார் இருக்கு. அதுல இருக்கறத மட்டும் பாக்கறதுதான் இங்க வழக்கம்."

"கட்டம் ஒண்ணுன்னா உனக்குக் கண்ணும் ஒண்ணா?"

பக்கத்து டேபிளில் சிரித்தார்கள். நானும் முகத்தைச் சிரிக்கிற மாதிரி வைத்துக்கொண்டேன். மதியம் லாக்கரைத் திறந்தால், போனில் மகளின் ஸ்கூலிலிருந்து பதினொரு மிஸ்டு கால்.

2. நீங்க சொன்ன மாதிரி

என் மகள் பவித்ராவுக்கு அப்போது பதினான்கு வயது. காலையில் சீட் மாற்றியதும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போய் உட்கார்ந்திருக்கிறாள். மூன்று பீரியட் வெளியே வரவில்லை. நான் போனபோதும் அங்கேதான் இருந்தாள். கையைத் தொட்டேன். உதறினாள்.

"என்ன பண்ணீங்க மிஸ் அவள?" என்று கிளாஸ் டீச்சரிடம் கத்தினேன்.

"நாங்க ஒண்ணும் பண்ணல மேடம். நீங்க சொன்ன மாதிரி வாரா வாரம் சீட் மாத்துறோம். நீங்க எழுதிக் குடுத்த லெட்டர் ஃபைல்ல இருக்கு."

இருந்தது. என் கையெழுத்துதான்.

ஏழு வயதில் அவளுக்கு ஏ.டி.ஹெச்.டி. என்றார் டாக்டர். கவனம் நிற்காது, உடம்பு ஓயாது, சீக்கிரம் சலித்துவிடும். அது உண்மை. மாத்திரை கொடுத்தோம், உட்கார்ந்து எழுதினாள். அதோடு நான் கேஜைக் கீழே வைத்துவிட்டேன். சட்டையின் லேபிளை வெட்டினால்தான் போடுவாள், துறுதுறுப்பு என்றேன். ஐந்து வருடமாக டிபனில் எலுமிச்சை சாதம் மட்டும், பிடிவாதம் என்றேன். குக்கர் விசிலுக்குப் பாத்ரூமுக்குள் ஓடுவாள். அதற்கும் அதே பெயர். சலிக்கக் கூடாதே என்று திங்கள் ஸ்கேட்டிங், புதன் டிராயிங், வாரம் ஒரு சீட் என்று எல்லாவற்றையும் மாற்றிக்கொண்டே இருந்தேன். நல்ல அம்மா என்று என்னை நானே நினைத்துக்கொண்டேன்.

3. இரண்டாவது குறை

அன்றிலிருந்து பவித்ரா ஸ்கூலுக்குப் போகவில்லை. என்னோடு பேசவும் இல்லை. ஒக்கலிபுரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரயில் ஓடிக்கொண்டே இருக்கும். அவள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு நாள் முழுக்கப் படுத்திருந்தாள். இந்த வருடம் போனால் போகட்டும், இவள் திரும்பப் பேசுவாளா என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பயம்.

ஆறாவது வாரம் ஒரு சைக்காலஜிஸ்டிடம் கூட்டிப்போனோம். நான்கு தடவை வரச் சொல்லிப் பார்த்துவிட்டு, ஏ.டி.ஹெச்.டி.யோடு ஆட்டிசமும் இருக்கிறது என்றார்.

"சான்ஸே இல்ல மேடம். இவ யாரப் பாத்தாலும் போய்ப் பேசுவா. ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்க."

"பேசிட்டு வீட்டுக்கு வந்ததும் என்ன பண்ணுவா?"

"லைட்ட அணைச்சுட்டுப் படுத்துப்பா."

"எத்தன வருஷமா?"

நான் விரல் விட்டு எண்ணத் தொடங்கினேன். அவள் முந்திக்கொண்டு பேசுகிற வேகத்தைப் பார்த்து, பேச்சு எளிதாக வருகிறது என்று எண்ணிவிட்டோம் என்றார் அவர். ஏ.டி.ஹெச்.டி. புதிதாக ஏதாவது வேண்டும் என்கிறது, ஆட்டிசம் எதையும் மாற்றாதே என்கிறது. இரண்டும் ஒரே பிள்ளைக்குள். ஒன்றுக்கு மட்டும் வைத்தியம் செய்தால், இன்னொன்று அத்தனை நாளும் அடி வாங்கும்.

ஆட்டோவில் வரும்போது பவித்ரா பேசினாள், என் பக்கம் திரும்பாமல்.

"சீட் மாத்தாதன்னு நான் சொன்னேன். நாலாங்கிளாஸ்லயே சொன்னேன். நீ, 'உனக்கு போரடிக்கும்டி'ன்னு சொன்ன."

"போரடிக்கலயா?"

"அடிச்சுது. ஆனா போர் பரவால்லம்மா."

4. இப்போது

மஞ்சுநாத் சார் டேக்கை மாற்றி அச்சடித்தார். குறை எழுத இப்போது இரண்டு கட்டம். புதிதாக வந்தவர்கள் முதல் கட்டத்தை நிரப்பிவிட்டு, இரண்டாவதில் கேஜே விடாமல் 'இல்லை' என்று எழுதுகிறார்கள். திட்ட எனக்கு வாய் வரவில்லை. மறுபடி கேஜ் விடச் சொல்கிறேன், பக்கத்திலேயே நிற்கிறேன். ஒரு குறையைக் கண்டுபிடித்ததும் வருகிற நிம்மதி இருக்கிறதே, அதை நம்பாதீர்கள். நான் அதில் ஏழு வருடம் இருந்தேன்.

மாத்திரை தொடர்கிறது. பவித்ரா வாரத்தில் மூன்று நாள் ஸ்கூலுக்குப் போகிறாள். ஜன்னல் ஓரம், ஒரே சீட். சில நாள் பேசுகிறாள், எலுமிச்சை சாதத்தில் உப்பு கம்மி என்கிற அளவுக்கு.

போன வாரம் டீச்சர் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார்.

"அவளே எழுதியிருக்கா மேடம். பேரன்ட் சைன் வேணும்னு சொல்லிட்டேன். தப்பா எடுத்துக்காதீங்க."

அழகான கையெழுத்தில் இரண்டே வரி. இனிமேல் என் சீட்டையோ எனக்கான வேறு எதையோ மாற்றுவதாக இருந்தால் என்னிடம் கேளுங்கள். அம்மாவிடம் கேட்காதீர்கள்.

இரண்டு தடவை படித்தேன். அதில் குறை எதுவும் இல்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.