ஒரே வரிசையில் இரண்டு நாலு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காபியில் பாதி கூட இறங்கவில்லை... பேப்பரைக் கையில் எடுத்த என் மனைவி ஒரு கேள்வி கேட்டாள்.

“ஏங்க, இந்தக் கட்டத்துல ஒரே வரிசையில ரெண்டு நாலு வருமா?”

வராது. வரவே கூடாது. சுடோகு தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு — ஒன்பதுக்கு ஒன்பது கட்டம். ஒன்றிலிருந்து ஒன்பது வரை எண்கள். குறுக்கிலும் நெடுக்கிலும், மூன்றுக்கு மூன்று சின்னக் கட்டத்துக்குள்ளும் எந்த எண்ணும் இரண்டு தடவை வரக் கூடாது. குத்துமதிப்பாக எழுதி ஒப்பேற்ற முடியாது. இது இங்கே இல்லை, அப்படியென்றால் அங்கேதான் என்று ஒவ்வொன்றாகக் கழித்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சரி, அதியமான்கோட்டையில் உட்கார்ந்து காபி குடிக்கிறவன் இரண்டு நாலு எழுதிவிட்டால் என்ன குடியா முழுகிவிடும்? முழுகும். அதற்கு என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அக்கா கடத்தூரில் தனியாக இருக்கிறார். வயது அறுபத்தேழு. இரண்டு வருஷம் முன்னால் லேசான பக்கவாதம் வந்தது. கை சரியாகிவிட்டது. பேச்சு... அது எந்த நாளிலும் குறைந்ததில்லை. ஆனாலும் பெங்களூரில் இருக்கும் அவர் மகன் பிரபுவுக்குப் பயம். எங்களோடு வந்துவிடு என்று ஒற்றைக் காலில் நின்றான்.

“அந்த அஞ்சாவது மாடியில நான் யாரோடடா பேசறது? என் வூட்டை விட்டு வரமாட்டேன்” என்று அக்கா இன்னொரு காலில் நின்றார்.

கடைசியில், அக்காவின் மூளை தெளிவாக இருக்கிறதா என்று தினமும் தெரிந்துகொள்ள ஒரு ஒப்பந்தம். தினமும் பேப்பரில் வரும் சுடோகுவை அக்கா போட்டு, எட்டு மணிக்குள் எனக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்ப வேண்டும். சரியா, தப்பா என்று நான் பார்க்க வேண்டும். “தப்பு வந்தா அன்னிக்கே சொல்லுங்க மாமா. கார் எடுத்துகிட்டு வந்து கூட்டிகிட்டுப் போயிடறேன்” என்றான் பிரபு.

ஆக, அக்காவின் வீடு அந்த எண்பத்தொரு கட்டத்தின் மேல்தான் நிற்கிறது.

இங்கே உங்களிடம் ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் மாதம் ஒழுங்காகப் பார்த்தேன். அதே பேப்பர்தான் எனக்கும் வருகிறது. நானும் தனியாகப் போட்டு, இரண்டையும் ஒப்பிட்டு... பிறகு சலித்துவிட்டது. அக்காவின் படம் வந்ததும் அதைப் பார்த்து அப்படியே என் பேப்பரில் எழுதுவேன். ‘நானும் முடிச்சிட்டேன்’ என்று ஒரு படம் எடுத்து அனுப்பிவிடுவேன். அந்தச் செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான் அனுப்பியிருந்தேன். அதற்கப்புறம்தான் மனைவியின் கேள்வி.

போனைத் திறந்து அக்காவின் படத்தைப் பார்த்தேன். அதிலும் இரண்டு நாலு. கீழே இரண்டு ஒன்பது வேறு.

அக்காவுக்குப் போன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை. பிரபுவின் நம்பரைத் தேடினேன்.

“நேர்ல பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க. அவசரப்பட்டு அவங்க வூட்டைப் பூட்ட வெச்சிடாதீங்க” என்றாள் மனைவி.

வண்டியில் முக்கால் மணி நேரம். கை மறுபடியும் விழுந்துவிட்டதோ? எண்களே மறந்துவிட்டதோ? நான் ஒழுங்காகப் பார்த்திருந்தால் போன வாரமே தெரிந்திருக்குமோ? இந்தக் கடைசிக் கேள்வி கடத்தூர் வரை என்னை விடவில்லை.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்கலாம் என்று திரும்பினேன்... தெருமுனையில் அக்கா. இடுப்பில் கேழ்வரகு மாவு டப்பா.

“என்னடா, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கறே?”

“போன் ஏன்க்கா எடுக்கல?”

“மாவு மிஷின் சத்தத்துல போனு எங்க கேக்குது?”

“ரெண்டு கையையும் தூக்கு” என்றேன். டப்பாவை என்னிடம் கொடுத்துவிட்டுத் தூக்கினார். “சிரி” என்றேன். சிரித்தார். வாய் கோணவில்லை. ஆனால் சிரிப்பு நிற்கவும் இல்லை.

“வேணும்னுதான்டா தப்பாப் போட்டேன். நான் அனுப்பி அஞ்சு நிமிஷத்துல நீ முடிச்சிடறே. கணக்குல ஒரு தடவை கூட பாஸாவாதவன். பாத்து எழுதறியோன்னு சந்தேகம்.”

போனை எடுத்து என் முகத்துக்கு நேரே நீட்டினார். நான் அனுப்பிய படம். அதே இரண்டு நாலு. அதே இரண்டு ஒன்பது.

கோபம் வந்தது. அதற்கு முன்னால் அழுகை வந்துவிட்டது. “பயந்தே போயிட்டேன்க்கா” என்றேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. “பிரபுகிட்ட சொல்லிட்டியா?” குரல் இறங்கியிருந்தது.

“இல்ல.”

வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். என்னைப் பிடிக்கப் போய்த் தன் வீட்டையே பணயம் வைத்துவிட்டோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் மூச்சு வந்தது.

நாம் எல்லோருமே இப்படித்தானே? அம்மாவிடமிருந்து குட்மார்னிங் வந்தாயிற்று, அப்பாவிடமிருந்து ‘சாப்பிட்டேன்’ வந்தாயிற்று. வந்துவிட்டது என்பதே போதும் நமக்கு. வந்ததில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறோம்?

அக்கா களி கிண்டிப் போட்டார். நான் வாயில் வைக்கும்போது கேட்டார்.

“நான் தப்பாப் போட்டா மவன் வூட்டுக்குப் போவணும். சரி. நீ தப்பாப் போட்டிருக்கியே... உன்னை எங்கடா அனுப்பறது?”

இப்போதெல்லாம் எட்டு மணிக்குள் முதலில் படம் அனுப்புவது நான். திருத்துவது அக்கா.