அலசல் அக்கா

விதிப்படி அலசி முடித்தாயிற்று. அக்கா மறுபடியும் உப்புநீரை ஊற்றுகிறார். "இன்னும் ஒரு அலசு. தண்ணிக்கா பஞ்சம்?" எங்கள் ரத்த வங்கியில் அவருக்கு அலசல் அக்கா என்றே பெயர். அவர் காதுபடவே கூப்பிடுவோம்.

சின்னக் கண்ணாடிக் குழாயில் ஒரு சொட்டு ரத்தம். அதில் உப்புநீர் விட்டுச் சுழற்றி, மேலே தெளிகிற நீரைக் கொட்டி, சிவப்பணுக்களை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். ஒருநாள் அவசரத்தில் நான் வெறும் தண்ணீரை ஊற்றிவிட்டேன். "அடிப்பாவி! பச்சைத் தண்ணி உள்ள புகுந்து அத்தனையும் ஊதி வெடிச்சிருச்சு பாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். நாள் முழுக்கத் திட்டு. சாயங்காலம் டீயும் அவரே வாங்கித் தந்தார்.

கடைசியில் சோதனை மருந்தை விட்டு, குழாயை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணை மூடி, மெல்லச் சாய்ப்பார். அணுக்கள் கலைந்து ஓடினால் நிம்மதி. திரிந்த பால்போலக் கட்டிதட்டி நின்றால், அணுக்களின் மேல் ஏதோ ஒட்டியிருக்கிறது, வில்லங்கம். அப்போது குழாயை யார் கையிலும் தரமாட்டார். "என் கண்ணு போதும். நீ உன் வேலையப் பாரு."

அக்காவின் வீட்டுக்காரர் தையற்காரர். கால் புண்ணுக்காக வாரக்கணக்கில் ஊசி போட்டுக்கொண்டார். புண் ஆறியது; ஆள்தான் வெளுத்துக்கொண்டே போனார். நேற்று மாடிப்படியில் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டாராம். டாக்டர் இரண்டு சந்தேகம் சொன்னார். ஊசிமருந்து சிவப்பணுவின் மேல்தோலில் ஒட்டிக்கொள்ள, உடம்பே அணுவை எதிரியென்று உடைத்துக்கொண்டிருக்கலாம். அப்படியென்றால் மருந்தை நிறுத்தினால் தேறிவிடுவார். மற்றதை அக்கா வாய்விட்டுச் சொல்லவில்லை. "பெரிய வியாதி" என்றதோடு நிறுத்திக்கொண்டார்.

இன்று காலை அந்த ரத்தம் எங்கள் மேசைக்கே வந்தது. "நான் பண்றேன்க்கா" என்றேன். கேட்டால்தானே! அலசினார், அலசினார், அப்படி அலசினார்.

"காலம்பூரா ஒட்டக் கூடாதுன்னு பாத்தவ நான். இன்னைக்கு ஒட்டித் தொலையேன்னு இருக்குடி."

சோதனை மருந்துக் குப்பியை அவர் பக்கம் நகர்த்தினேன்.

குழாயைத் தூக்கினார். ஒரு கண்ணை மூடினார். சாய்த்தார். என்ன நினைத்தாரோ, அதை என் பக்கம் நீட்டினார். "கண்ணு மறைக்குது. நீ பாரு."

வாங்கிச் சாய்த்தேன். அடியில் ஒரே கட்டி. தட்டிப் பார்த்தேன், கலையவில்லை.

"ஒட்டியிருக்குக்கா."

அக்கா ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தார். டாக்டருக்குப் போன் போட எழுந்த என் மணிக்கட்டை எட்டிப் பிடித்துக்கொண்டார்.

"இரு. இன்னொரு தடவை சாய்ச்சுக் காட்டு."