ஜோடி தப்பிய நாள்கள்

எனக்கு முதலில் தப்பியது ஒரு பழுப்பு நிறம்.

சர்க்கரை நோய் கண்ணைக் கெடுக்கும், காலைக் கெடுக்கும் என்று, அது உள்ள எல்லோரையும் போல நானும் கேள்விப்பட்டிருந்தேன். யோசனையைத் தொடும் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. என்னைப் போல இன்னொருத்தி திகைத்து நிற்கக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருடமாக ஜோடி சேர்க்கும் மேசையில் இருக்கிறேன். வெட்டி வரும் தோல் துண்டுகளில் இடதுக்குச் சரியான வலதைப் பொறுக்கிக் கட்டி, தையலுக்கு அனுப்ப வேண்டும். ஒரே தோலில் முதுகுப் பக்கம் ஒரு நிறம், வயிற்றுப் பக்கம் ஒரு நிறம் இருக்கும். துண்டின் உள்பக்கத்தில் வெட்டுகிறவர் வெள்ளிப் பேனாவால் ஜோடிக்கு ஒரே நம்பர் போட்டிருப்பார். புதிதாக வந்த பெண்கள்தான் அதைத் திருப்பிப் பார்ப்பார்கள். எனக்குக் கண்ணும் விரலும் போதும். அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

போன வருடம், காலை வேளைகளில், ஒரு இடதைக் கையில் வைத்துக்கொண்டு எதைத் தேடுகிறேன் என்றே பிடிபடாமல் நிற்க ஆரம்பித்தேன். நிறம் தெரியும், துண்டு தெரியும். இரண்டையும் சேர்த்து முடிவெடுக்கத்தான் நேரமானது. ஐம்பத்தொரு வயதில் இதெல்லாம் சகஜம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எதிரில் நின்று அதே வேலை செய்யும் ஷமீம், நான் கட்டி வைத்த ஜோடிகளை அவிழ்ப்பதை ஒருநாள் பார்த்துவிட்டேன்.

“இன்னா பண்றே நீ?”

“கத்தாதே ஸ்டெல்லா. நாலு மாசமா தப்பு ஜாஸ்தி ஆவுது. மாத்தி வச்சிட்டுத்தான் அனுப்பறேன்.”

நன்றி சொல்லியிருக்க வேண்டும். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் லீவு. என் கட்டுகள் அப்படியே தையலுக்குப் போயின. மாலைக்குள் பதினேழு ஜோடி திரும்பி வந்தன.

சூப்பர்வைசர் கத்தவில்லை. “அடுத்த மாசம் பேக்கிங்குக்குப் போய்டுங்கம்மா. அங்க டென்ஷன் கம்மி” என்றார். கத்தியிருந்தால் தேவலை. கழிவறையில் போய் அழுதேன். இன்றைக்கு மேசை போகிறது, நாளைக்குப் பிள்ளைகளின் பெயர் போகும் என்று நினைத்துக்கொண்டேன்.

கணவர் வேலூருக்கு ஒரு மூளை நரம்பு மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஒரு தாளில் எண்களும் எழுத்துகளும் சிதறிக் கிடந்தன. ஒன்றிலிருந்து ‘அ’, அதிலிருந்து இரண்டு, பிறகு ‘ஆ’ என்று மாற்றி மாற்றிக் கோடு போட வேண்டும். நான்கில் மாட்டிக்கொண்டேன். கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்கேனில் சில வெள்ளைப் புள்ளிகள் (நுண்ணிய ரத்தக் குழாய்கள் பாதித்த இடங்கள்) இருந்தன. மருத்துவர் அம்மா பொறுமையானவர்.

“இதை இப்போ மறதி நோய்னு சொல்ல மாட்டேன். ரொம்ப நாள் சர்க்கரை ஏறி இறங்கினா, மூளையோட பகுதிகளுக்கு நடுவுல இருக்கிற இணைப்பு மந்தமாகும்.”

“எங்க கம்பெனியில வெட்டுறதும் நடக்கும், தைக்கிறதும் நடக்கும், நடுவுல தள்ளுவண்டி லேட்டா வரும். அது மாதிரியா மேடம்?”

“அதேதான்” என்று சிரித்துவிட்டு, காலையில் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறேன் என்று கேட்டார். நான் மழுப்புவதற்குள் கணவர் போட்டு உடைத்தார். “மாத்திரையப் போட்டுட்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவா, டாக்டர். டிபன் பாக்ஸைப் பதினோரு மணிக்கு மேலதான் திறப்பா.”

என் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி அதிகம். ஆனால் காலையில் தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்குக் கீழே போவது). மூளையால் சர்க்கரையைப் போதுமான அளவு சேமித்து வைத்துக்கொள்ள முடியாதாம். பட்டினியில் நிற்கும் மூளையை வைத்துக்கொண்டு நான் நிறம் பார்த்திருக்கிறேன்.

மாத்திரையை மாற்றினார். பி12 சத்தும் குறைவாக இருந்ததால் ஊசி போட்டார். மாத்திரைக்கு முன் இட்லி, மாலையில் நடை. பெரிய வைத்தியம் எதுவும் இல்லை, ஒருநாளும் விடாமல் செய்வதுதான் கஷ்டம். சூப்பர்வைசரிடம் மூன்று மாத அவகாசம் கேட்டேன். “நம்பரைப் பாத்தே சேக்கறேன் சார்” என்றேன். அதைச் சொல்ல வாய் கூசியது.

ஷமீமிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். “பேஜார் பண்ணாதே, இட்லி துன்னியா?” என்றாள். இப்போதும் காலையில் அவள் கேட்கும் முதல் கேள்வி அதுதான்.

ஆறு மாதம் கழித்து அதே தாளைக் கொடுத்தார்கள். கடைசி எழுத்து வரை போனேன், மெதுவாகத்தான். “பழைய வேகம் முழுசா வரும்னு சொல்ல முடியாதும்மா. இனிமே கெடாம பாத்துக்கலாம்” என்றார் மருத்துவர். சந்தோஷமும் வருத்தமும் சேர்ந்தே வந்தன.

பேக்கிங்குக்குப் போகவில்லை, மேசையில்தான் இருக்கிறேன். முன்பு ஒரு ஜோடிக்குக் கண் சிமிட்டும் நேரம் போதும். இப்போது துண்டைத் திருப்பி, நம்பரை வாய்க்குள் சொல்லி, வலதைத் திருப்பி, அதையும் சொல்லிப் பார்த்த பிறகே கட்டுகிறேன். ஒரு நாளில் இத்தனை நேரம் இருப்பது எனக்கு இப்போதுதான் தெரிகிறது.

போன வாரம் ஷமீம் என் கட்டுகளை அவிழ்ப்பதை நிறுத்தியிருந்தாள். இரண்டு நாள் கழித்துத்தான் கவனித்தேன். ஒரு கட்டை அவள் பக்கம் நானே தள்ளினேன்.

“இன்னாத்துக்கு? சரியாத்தான் கட்டறே.”

“தெரியும். நீ ஒருவாட்டி பாத்துடு.”

அவள் திருப்பி நம்பரைப் பார்த்தாள். தலையாட்டினாள். நான் அடுத்த இடதை எடுத்தேன்.